மூச்சு முட்டும் தியானம் தவமாகுமா?

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் என் தமக்கையின் மகன் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்திருந்தான். வங்கியில் பணிபுரிபவன், 45 வயதைக் கடந்தவன், இரவுணவு கொள்ளாமை என்னும் நம் குல ஒழுக்கத்தைப் பட்டணத்திலும் விடாது காப்பவன். ஜினாலயத்தில் மாலை வழிபாடு முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவன் தயங்கித் தயங்கி ஒரு வினாவை எழுப்பினான்.

“மாமா, மூன்று மாதமாக விடியற்காலையில் ஒரு மணி நேரம் தியானத்தில் அமர்கிறேன். மூச்சை இழுத்து, உள்ளே நிறுத்தி, எண்ணி வெளியே விடுகிறேன். இப்போதெல்லாம் பாதியிலேயே மூச்சு முட்டுகிறது. நெஞ்சின்மேல் கல்லை ஏற்றினாற்போல் இருக்கிறது. இரவில் படுத்தாலும் மூச்சு சரியாக வருகிறதா என்றே மனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி, மூன்று மணி வரை உறக்கம் இல்லை. விட்டுவிடலாமா, தொடரலாமா?”

நான் சிறிதும் எண்ணிப் பாராமல் விடை கூறினேன். “22 பரீஷஹங்களை வென்ற முனிவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். உடல் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள். வினை உதிரும்” என்றேன். அவன் தலையசைத்துச் சென்றான்.

இரண்டு திங்கள் கழிந்தபின் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். “உன் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆனான் என்று நான் சொல்லமாட்டேன் தம்பி. ஆனால் நீ ஒரு தடவை வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போ” என்றார். சென்று பார்த்தேன். கண்கள் குழி விழுந்திருந்தன. பிள்ளைகள் உரக்கப் பேசினாலும் சீறி விழுந்தான். கண்ணை மூடினாலே மூச்சு நின்றுவிடுமோ என்ற அச்சம் எழுவதால் ஜினாலயம் செல்வதையும் நிறுத்தியிருந்தான். “எனக்குத் தியானம் செய்யும் தகுதி இல்லை மாமா. என் பாவ வினை அப்படி” என்று அவன் கூறியபோது, கூறியவன் அவனாயினும் கூறவைத்தவன் நான் என்பதை உணர்ந்தேன்.

அன்று நான் கூறிய விடை சரியா, பிழையா? தியானத்தில் எழும் துன்பம் பொறுத்துக்கொள்ள வேண்டிய தவமா, நிறுத்திக்கொள்ள வேண்டிய எச்சரிக்கையா? இக்காலத்தில் நம் இளைஞர் பலர் பல இடங்களில் தியானப் பயிற்சி பெற்று வருகின்றனர். ஆகவே இவ்வினா ஒரு குடும்பத்தோடு நிற்பதன்று. ஆகமம் கூறுவது யாது என்று சற்று நிதானமாக ஆராய்வோம்.

பரீஷஹமும் காயகிலேசமும்

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அதிகாரம் பரீஷஹங்களைப் பொறுப்பதன் நோக்கத்தை இரண்டாகக் காட்டுகிறது. நெறியினின்று வழுவாதிருத்தல் ஒன்று. வினைகளை உதிர்த்தல் மற்றொன்று. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம், கொசுக்கடி எனத் தொடங்கும் அந்த 22இல் படுக்கையால் வரும் துன்பமும் நோயும் இடம்பெற்றுள்ளன. எனவே உறக்கமின்மையையும் மூச்சுத் திணறலையும் பரீஷஹம் என்று நான் கூறியதற்கு மேற்போக்கில் ஓர் ஆதாரம் உண்டு.

ஆயினும் அச்சூத்திரத்திற்கு சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். தானாக வந்து சேரும் துன்பம் பரீஷஹம். தானே மேற்கொள்வது காயகிலேசம் என்பது அவர் கருத்து. நடந்து செல்லும் முனிவரின் காலில் முள் தைப்பது பரீஷஹம். வெயிலில் நின்று அவர் நோன்பு ஆற்றுவது காயகிலேசம். என் மருமகனின் மூச்சுத் திணறல் தானாக வந்ததன்று. அவனே மூச்சை அடக்கினான், அடக்கியதனால் திணறினான். ஆகவே அதைப் பரீஷஹம் என்று நான் பெயரிட்டதே முதற்பிழை.

“அப்படியாயின் அதைக் காயகிலேசம் என்று கொள்ளலாமே! அதுவும் ஆறு புறத்தவங்களுள் ஒன்றன்றோ?” என்று வாசகர் வினவக்கூடும். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டை இன்றும் காண்கிறோம். அவர் உடலைப் பொருட்படுத்தினாரா என்றும் கேட்கலாம். தக்க வினாவே. இதற்கு விடை, தீர்த்தங்கர நாமகருமத்திற்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளுள் உள்ளது. அங்கே தவமும் தியாகமும் வெறுமனே கூறப்படவில்லை. ‘ஆற்றலுக்கு ஏற்ப’ என்னும் அடைமொழியுடன் கூறப்பட்டுள்ளன. ஆற்றலை ஒளிப்பது எவ்வாறு குற்றமோ, அவ்வாறே ஆற்றலை மீறுவதும் குற்றம். சந்திரநந்தியடிகளின் 57 நாட்களுக்குப் பின்னால் ஒரு வாழ்நாளின் துறவு இருந்தது. வங்கி வேலைக்கும் பிள்ளைகளின் தேர்வுக்கும் இடையே, மூன்று மாதப் பயிற்சியில் வழிகாட்டுவார் இன்றி மூச்சை அடக்குபவனுக்கு அவரைச் சான்று காட்டுவது, நீந்தத் தெரியாதவனுக்குக் கடலைக் காட்டுவது போன்றதாகும்.

ஆர்த்த தியானம் எங்கே பிறக்கிறது?

தியானம் நால்வகைப்படும் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர்: ஆர்த்தம், ரௌத்திரம், தருமம், சுக்கிலம். முன்னிரண்டும் பிறவிக்கு வித்து; பின்னிரண்டும் வீட்டிற்கு வழி. கண்ணை மூடிப் பத்மாசனத்தில் அமர்ந்த அளவில் ஒருவன் தரும தியானத்தில் இருக்கிறான் என்று கொள்ளலாகாது. அமர்ந்திருக்கும் உடலுக்குள் எந்தச் சிந்தை ஓடுகிறதோ அதுவே அவனுடைய தியானம்.

ஆர்த்த தியானத்திற்கும் நான்கு வாயில்கள் உண்டு. விரும்பாதது வந்து சேர்ந்ததே என்று வருந்துதல், விரும்பியது பிரிந்ததே என்று வருந்துதல், உடல் வேதனையையே ஓயாது எண்ணுதல், நிதானம் என்பன அவை. நிதானம் என்னும் சொல் இங்கே பொறுமையைக் குறிப்பதன்று. நோன்பிற்குப் பயனாக இன்னது கிட்டவேண்டும் என்னும் வேட்கையைக் குறிப்பது. ‘மூச்சு வருகிறதா, நின்றுவிடுமா’ என்று நெஞ்சு பதைத்துக் கொண்டிருப்பது மூன்றாம் வாயில். ‘மற்றவர்க்கெல்லாம் ஒளி தெரிகிறதாம், பேரமைதி கிட்டுகிறதாம், எனக்கு ஏன் கிட்டவில்லை’ என்று மேலும் மேலும் மூச்சை அடக்குவது நான்காம் வாயில். இவ்விரண்டின் வழியாகவும் ஒருவன் நாள்தோறும் ஒரு மணி நேரம் சென்று வந்தால், அவன் செய்தது ஒரு மணி நேர ஆர்த்த தியானமேயன்றி வேறன்று.

இதனை நம் ஆசாரியர்கள் முன்னரே கண்டிருந்தனர் என்பதே வியப்புக்குரியது. சுபசந்திர ஆசாரியர் ஞானார்ணவத்தில் மூச்சை உள்ளிழுத்தல், நிறுத்தல், வெளிவிடுதல் ஆகியவற்றை விரிவாக விளக்குகிறார். விளக்கிய பின்னர், மூச்சை வலிந்து அடக்கினால் வேதனை தோன்றும், வேதனையால் ஆர்த்தம் பிறக்கும், அதனால் மெய்ப்பொருள் உணர்ந்தவனும் தன் இலக்கினின்று நழுவக்கூடும் என்று எச்சரிக்கிறார். சுவேதாம்பர மரபில் 12ஆம் நூற்றாண்டில் விளங்கிய ஹேமசந்திராசாரியரும் தம் யோகசாஸ்திரத்தில் இதையே வற்புறுத்துகிறார். பிராணாயாமத்தால் அலைக்கழிக்கப்பட்ட மனம் நலம் பெறாது, மூச்சை அடக்குவதால் துன்பமும் துன்பத்தால் சித்தக் கலக்கமும் உண்டாகும் என்பது அவர் துணிபு. இரு மரபினரும் ஒருமனப்பட்டுக் கூறும் எச்சரிக்கையை நான் மறந்து, ‘பொறுத்துக்கொள்’ என்றேன்.

மூச்சு நமக்குப் பகையா?

நம் மரபில் மூச்சுக்கு இடமே இல்லை என்று எவரும் எண்ணவேண்டா. காயோத்சர்க்கத்தில் நிற்கும்போது பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை உருவேற்றுகிறோம். முதல் இரு வணக்கங்களும் ஒரு மூச்சில், அடுத்த இரண்டும் ஒரு மூச்சில், இறுதி வணக்கம் ஒரு மூச்சில் என, ஒன்பது முறைக்கு 27 மூச்சுகள் ஆகின்றன. இங்கே மூச்சு ஓர் அளவுகோல். நாழிகை வட்டில் எப்படிக் காலத்தை அளந்ததோ, அப்படி மூச்சு மந்திரத்தை அளக்கிறது. அளவுகோலை யாரும் வளைத்து முறிப்பதில்லை. மனம் நிற்பது பரமேட்டிகளிடத்தில்; மூச்சு தன்போக்கில் வந்து போகிறது.

காயோத்சர்க்கம் என்னும் சொல்லே உடல்மீதுள்ள பற்றை நெகிழ விடுதலைக் குறிப்பது. கழுகுமலையிலும் திருமலையிலும் நின்ற திருக்கோலத்தில் வடிக்கப்பட்ட திருமேனிகளை உற்று நோக்குக. தோள்கள் இயல்பாகத் தாழ்ந்துள்ளன. கைகள் தளர்ந்து தொங்குகின்றன. எங்கும் இறுக்கமில்லை. சுவேதாம்பரர் காயோத்சர்க்கம் தொடங்கும்போது ஓதும் பாடத்தில், மூச்சு விடுதல், இருமல், தும்மல், கொட்டாவி முதலியன நோன்பிற்கு ஊறு செய்யா என்று விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. உடலைத் துறக்கும் நோன்பே உடலின் இயல்பான தொழில்களுக்கு வழிவிட்டுத் தொடங்குகிறது என்பது சிந்திக்கற்பாலது.

மேலும், தரும தியானத்திற்குரிய பொருள்களாக ஆகமம் கூறுபவை நான்கு. ஜினேந்திரர் அருளிய மெய்ம்மை, உயிர்கள் தீநெறியில் பட்டு உழல்வதும் அதினின்று மீளும் வழியும், வினைப்பயன், உலகின் அமைப்பு என்பன அவை. இவற்றில் எதனை எண்ணுவதற்கும் மூச்சை அடக்கவேண்டிய தேவை இல்லை. தியானத்தின் கால எல்லையையும் சூத்திரம் வரையறுக்கிறது. உத்தம சம்ஹனனம், அதாவது மிக உறுதியான எலும்புக்கட்டு வாய்ந்தவர்க்கும் ஒரே பொருளில் சிந்தை நிலைப்பது அந்தர்முகூர்த்தம், அதாவது 48 நிமிடத்திற்குள்தான். அத்தகைய உடலமைப்பு இக்காலத்தில் நமக்கு இல்லை. ஆயினும் சோர்வடைய வேண்டியதில்லை. பொன்னூர் மலையில் தவமியற்றியவர் என நாம் போற்றும் குந்தகுந்தர், இந்தத் துஷ்ஷம காலத்திலும் தரும தியானம் உண்டு என்று மோட்ச பாகுடத்தில் நிலைநாட்டியிருக்கிறார். நமக்கு இயன்றது சிறிது. ஆனால் அச்சிறிது மெய்யானது.

உறக்கத்தை வெல்வதும் உறக்கத்தை இழப்பதும்

உறக்கம் 15 பிரமாதங்களுள் ஒன்று. முனிவர்கள் இரவின் பிற்பகுதியில், வெறுந்தரையில், ஒருக்களித்துச் சிறிது நேரமே துயில்வர். இவற்றைக் கேட்டறிந்த இல்லறத்தார் சிலர், தமக்கு உறக்கம் வாராமையை ஆன்மிக முன்னேற்றத்தின் அடையாளமாகக் கருதுகின்றனர். என் மருமகனும் தொடக்கத்தில் அவ்வாறே மகிழ்ந்திருக்கிறான்.

உறக்கத்தை வென்றவர் விழித்திருக்கையில் தெளிவாக இருப்பர், சினம் குறைந்திருக்கும், விழிப்புணர்வு மிகுந்திருக்கும். உறக்கத்தை இழந்தவரோ விழித்திருக்கையிலும் மயங்கியிருப்பர். சிறு சொல்லுக்கும் சீறுவர். நடையில் எறும்பை மிதித்ததும் அறியார். பிரமாதம் என்பது விழிப்பற்ற நிலை. உறக்கமின்மையால் விழிப்பு அழியுமானால் அது பிரமாதத்தை வென்றதாகாது. வேறொரு வாயிலால் உள்ளே அழைத்ததாகும். தன் உள்ளத்தில் விருப்பு வெறுப்புகள் தோன்றுவதே இம்சை என்று அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்யுபாயத்தில் அறுதியிட்டுள்ளார். அச்சமும் சினமும் தன்னுள் பெருகும்படி ஒருவன் தன்னையே வாட்டிக்கொள்வது அகிம்சைக்குள் அடங்காது.

மருத்துவரை நாடுவது குறையா?

மூச்சின் தொழிலை மூளையின் அடிப்பகுதியாகிய முகுளம் நாம் எண்ணாமலே நடத்திவருகிறது. அதில் நாம் ஓயாது தலையிட்டு, தேவைக்கு மேல் மூச்சை இழுத்து விட்டால், குருதியில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றல், விரல் நுனியில் மரமரப்பு, நெஞ்சு இறுக்கம் ஆகியவை தோன்றுகின்றன. மூச்சு போதவில்லை என்னும் உணர்வும் எழுகிறது. போதவில்லை என்று எண்ணி மேலும் இழுக்க, தொல்லை மேலும் வளர்கிறது. இது வினையின் மாயமன்று, உடலின் இயல்பு.

ஆனால் எல்லா மூச்சுத் திணறலும் இவ்வகைத்தன்று. ஆஸ்துமா, இதய நோய், குருதிச் சோகை, உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் ஆகியவற்றாலும் திணறல் வரும். எனவே, ‘தியானத்தால் வந்தது, தியானத்தாலேயே போகும்’ என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவதே முதற்கடமை. நெஞ்சுவலி இருந்தால் ஒருநாளும் தாழ்த்தலாகாது. பல இரவுகள் உறக்கமின்றி அச்சம் மிகுந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, பயிற்சியை அன்றே நிறுத்தி மனநல மருத்துவரை நாடவேண்டும். இதில் நாணத்திற்கு இடமில்லை. நாற்பெருந் தானங்களுள் ஔஷத தானத்தை ஒன்றாக வைத்தது நம் அறம். கணிமேதாவியாரும் காரியாசானும் தாம் இயற்றிய அறநூல்களுக்கு ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயர்களையே சூட்டினர். பிறர்க்கு மருந்தளிப்பது அறமாயின், தனக்கு வேண்டியபோது மருந்தை ஏற்பது எவ்வாறு குறையாகும்?

பின்னர் நிகழ்ந்தது

மருமகனை நானே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இதயத்திலும் நுரையீரலிலும் நோய் ஏதுமில்லை என்று சோதனைகள் காட்டின. மூச்சை அடக்கும் பயிற்சியை அறவே விடுமாறும், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எழுமாறும், உறக்கம் வாராவிடில் படுக்கையில் புரளாது எழுந்து அமர்ந்து, கண் அயரும்போது மீண்டும் படுக்குமாறும் அம்மருத்துவர் அறிவுறுத்தினார்.

தியானத்தை முற்றும் விட்டுவிடுவதற்கு அவன் உள்ளம் ஒப்பவில்லை, எனக்கும் ஒப்பவில்லை. ஆகவே இருவரும் எண்ணி ஒரு முறை வகுத்துக்கொண்டோம். கண்ணை மூடவேண்டா, திருவுருவத்தை நோக்கியே அமரலாம். மூச்சை எண்ணவேண்டா, மணிமாலையைக் கையிற்கொண்டு மந்திரத்தை மெல்லிய குரலில் ஓதலாம். அமர்வதில் அச்சம் எழும் நாளில் ஜினாலயத்தை வலம் வந்து கொண்டே ஓதலாம். பத்து நிமிடம் போதும். மாலையில் பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் ஒன்றை நூலில் வாசித்துச் சிந்திக்கலாம். படுக்கைக்குச் சென்றபின் பயிற்சி ஏதும் வேண்டா. நடுவில் மூச்சு முட்டினால் எழுந்து, பிள்ளைகளோடு பேசப் போகலாம். நோன்பு முறிந்ததாகக் கருதவேண்டா.

உடனே நலமாகிவிட்டான் என்று எழுதினால் பொய்யாகும். முதல் வாரம் மாற்றம் ஏதுமில்லை. மெல்ல மெல்ல இரவுகள் அமைதியாயின. பங்குனியில் ஒருநாள், “மாமா, நேற்று மாலை ஓதி முடித்தபின்தான் நினைவு வந்தது, மூச்சைப் பற்றி நினைக்கவே இல்லையென்று” என்றான். அன்று அவன் செய்தது சாமாயிகம். சாமாயிகம் என்பதன் பொருளே சமநிலை எய்துதல் அன்றோ? இன்றும் சில இரவுகளில் அச்சம் தலைகாட்டுவதுண்டு. அதை இப்போது அவன் தகுதியின்மையாகக் கருதுவதில்லை.

ஆகவே எடுத்துக்கொண்ட வினாவிற்கு என் விடை இது. துன்பம் வந்ததா, வரவில்லையா என்பதைக் கொண்டு தவத்தை அளக்கலாகாது. அத்துன்பத்தினிடையே சமநிலை வளர்கிறதா, தேய்கிறதா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். முனிவரின் உண்ணாநோன்பில் சமநிலை வளர்ந்தது, அது தவம். என் மருமகனின் மூச்சடக்கத்தில் சமநிலை தேய்ந்தது, அது ஆர்த்தம். ஐயம் எழுந்தால் வீட்டிலுள்ளோரைக் கேட்கலாம். நம் தியானத்தின் பயனை நமக்கு முன்னர் அறிபவர்கள் அவர்களே.

மற்றொன்றும் கூறி அமைகிறேன். அறிவுரை கேட்டு வருபவனிடம் ஆகமச் சொல் ஒன்றை எடுத்து வீசுவது எளிது. அவன் உண்கிறானா, உறங்குகிறானா என்று முதலில் கேட்பதே பெரியோர் கடன். அன்று அந்தத் திண்ணையில் நான் அதைக் கேட்கவில்லை. தசலக்ஷண பருவத்தின் நிறைவில் மன்னிப்புக் கோரும் நாளன்று, வயதில் மூத்தவன் என்னும் எண்ணத்தை விடுத்து அவனிடம் சென்று, “என் சொல்லால் நீ பட்ட துன்பத்திற்கு என்னைப் பொறுத்தருள்” என்று கைகுவித்தேன். அவன் பதறி என் கைகளைப் பற்றிக்கொண்டான். பொறுமையைப் பற்றி அவனுக்கு உபதேசித்தவன் நான்; அதை எனக்கு அளித்தவன் அவன்.

வாழ்க ஜினதருமம்!